பழைய கம்ப்யூட்டரை விற்கும் முன் இந்த இரண்டு சுவிட்சையும் போடுங்கள்

சென்னை மூர் மார்க்கெட்டில் விற்றாலும், வியாசர்பாடி பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டாலும் சரி, விண்டோஸ் 10, 11 கம்ப்யூட்டரில் 'ரீசெட் திஸ் பிசி' கொடுத்து, 'ரிமூவ் எவ்ரிதிங்' தேர்ந்தெடுங்கள். அடுத்து வரும் 'சேஞ்ச் செட்டிங்ஸ்' உள்ளே போய் 'க்ளீன் டேட்டா'வை ஆன் செய்யுங்கள். அது தானாக ஆனில் இருக்காது. அங்கேயே எல்லா டிரைவையும் அழிக்கவா என்று கேட்டால் அதற்கும் சரி சொல்லுங்கள். இல்லாவிட்டால் டி டிரைவில் இருக்கும் கல்யாண போட்டோவும் ஆதார் ஸ்கேனும் அழியாமல் அப்படியே வாங்குபவர் கைக்குப் போய்விடும்.

சும்மா டெலீட் செய்தால் ஃபைல் எங்கே இருக்கிறது என்ற குறிப்புதான் அழிகிறது, ஃபைல் டிஸ்கிலேயே கிடக்கும். இலவச மென்பொருளை வைத்தே அதை மீட்டுவிடலாம். க்ளீன் டேட்டா அந்த இடத்தின் மேல் வேறு எதையாவது எழுதிவிடுகிறது. ஹார்ட் டிஸ்க் பெரிதாக இருந்தால் பல மணி நேரம் ஆகும். ராத்திரி சார்ஜரைச் செருகிவிட்டுத் தூங்கப் போங்கள். நடுவில் கரண்ட் போனால் தலைவலி, அதனால் டெஸ்க்டாப் என்றால் யுபிஎஸ் இருப்பது நல்லது.

ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிரைவ்) இருந்தால் க்ளீன் டேட்டாவை முழுசாக நம்ப முடியாது, எழுதுவது எல்லா மூலைக்கும் போய்ச் சேராது. அதற்குத் தயாரிப்பாளர் தரும் 'செக்யூர் இரேஸ்' வசதிதான் சரி. ஆன் ஆகாத கம்ப்யூட்டர் என்றால் ஸ்க்ரூவைக் கழற்றி டிஸ்கை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். விலை கொஞ்சம் குறையும், பரவாயில்லை.