பழைய டெஸ்க்டாப்பைத் திறந்து பார்க்கலாம், வாங்க

கம்ப்யூட்டர் உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று கேட்டு என் சர்வீஸ் கடைக்கு வரும் காலேஜ் பிள்ளைகளுக்கு நான் படம் வரைந்து காட்டுவதில்லை. ஓரமாகக் கிடக்கும் பழைய டெஸ்க்டாப் ஒன்றையும் ஒரு ஸ்டார் ஸ்க்ரூடிரைவரையும் கையில் கொடுத்துவிடுவேன். உங்கள் வீட்டுப் பரணிலும் ஒன்று கிடக்கலாம். ஆன் ஆனால் போதும். லேப்டாப்பில் மட்டும் ஆரம்பிக்காதீர்கள். பழகாத கை பட்டால் கிளிப் உடையும், ரிப்பன் கேபிள் அறுந்துபோகும்.

முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். அப்புறம் பவர் பட்டனைச் சில வினாடிகள் அழுத்திப் பிடித்தால் போர்டில் மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். பக்கத் தகட்டைக் கழற்றியதும் கேபினெட்டில் பெயின்ட் இல்லாத இரும்பை ஒருமுறை தொடுங்கள். உடம்பில் சேர்ந்திருக்கும் ஸ்டாட்டிக் சார்ஜ் ஒரு சிப்பைக் காலி செய்யப் போதும். உள்ளே தூசி மண்டியிருக்கும், பல்லி முட்டைகூட இருக்கும். காய்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள்.

மூலையில் இருக்கும் இரும்புப் பெட்டி எஸ்எம்பிஎஸ். வீட்டு லைனில் வரும் 230 வோல்ட் ஏசியை 12, 5, 3.3 வோல்ட் டிசியாக மாற்றித் தருகிறது. மஞ்சள் ஒயர் 12, சிவப்பு 5, ஆரஞ்சு 3.3, கறுப்பு கிரவுண்ட். இந்தப் பெட்டியை மட்டும் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெபாசிட்டரில், அதாவது மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் பாகத்தில், 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கக்கூடும்.

ஃபேனுக்கும், சூட்டை வாங்கி வெளியேற்றும் உலோகத் துண்டான ஹீட்சிங்க்குக்கும் அடியில் இருப்பது பிராசசர். அதைக் கழற்றினால் சூட்டைக் கடத்தும் பசையான தெர்மல் பேஸ்ட் புதிதாகப் போட வேண்டும், ஆகவே விட்டுவிடுங்கள். அது செய்வதெல்லாம் மெமரியிலிருந்து ஒரு கட்டளையை எடுப்பது, என்ன கட்டளை என்று பிரித்தறிவது, செய்வது. கட்டளைகளும் பெரிய விஷயமில்லை: இந்த இரண்டு எண்களைக் கூட்டு, விடையை அங்கே வை, விடை பூஜ்ஜியம் என்றால் இந்த இடத்துக்குத் தாவு. 1971-ல் வந்த இன்டெல் 4004 பிராசசரில் சுமார் 2,300 டிரான்சிஸ்டர்கள், அதாவது நுண்ணிய ஸ்விட்சுகள். 2020-ல் வந்த ஆப்பிள் எம்1 சிப்பில் 1,600 கோடி. எடு, பிரி, செய் என்ற சுற்று அன்றும் இன்றும் அதேதான்.

பக்கத்தில் செங்குத்தாக நிற்கும் பட்டைதான் ராம், பிராசசர் கட்டளையை எடுக்கும் அந்த மெமரி. முனையில் இருக்கும் கிளிப்பை விலக்கினால் மேலே எழும்பும். எத்தனை பட்டை இருந்தாலும் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். இப்போது பிளக்கைச் செருகி ஆன் செய்யுங்கள். ஃபேன் சுற்றும், திரையில் எதுவும் வராது, ஸ்பீக்கர் இருந்தால் பீப் சத்தம் கேட்கும். ஆன் ஆனதும் முதலில் ஓடுவது விண்டோஸ் இல்லை, மதர்போர்டில் ஒரு சின்னச் சிப்பில் இருக்கும் பயாஸ் என்ற ஆரம்ப புரோகிராம். அது ராமைத் தேடும், கிடைக்காவிட்டால் அங்கேயே நின்றுவிடும். மறுபடி அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ராமின் தங்க நிறக் காலைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளை ஊதிவிட்டு, கிளிக் சத்தம் கேட்கும்வரை அழுத்திப் பொருத்துங்கள். டிஸ்பிளே வரவில்லை என்று கடைக்கு வரும் கேஸ்கள் பல இந்த ரப்பரிலேயே முடிந்துபோகும்.

ராமில் ஒவ்வொரு பிட்டும், அதாவது ஒவ்வொரு 0 அல்லது 1-உம், ஒரு நுண்ணிய கெபாசிட்டரில் இருக்கும் சார்ஜ். அது கசிந்துகொண்டே இருக்கும் என்பதால் வழக்கமாக 64 மில்லி செகண்டுக்குள் ஒருமுறை படித்துத் திரும்ப நிரப்ப வேண்டும். கரண்ட் போனால் எல்லாம் போச்சு. அதனால்தான் நிரந்தரமாக வைத்துக்கொள்ள, சுற்றும் தட்டில் எழுதும் ஹார்ட் டிஸ்க்கோ, சுற்றும் பாகம் இல்லாமல் சிப்பில் எழுதும் எஸ்எஸ்டியோ தேவைப்படுகிறது.

இனிமேல்தான் முக்கியமான இடம். 3 கிகாஹெர்ட்ஸ் பிராசசர் செகண்டுக்கு 300 கோடி முறை துடிக்கிறது, ஆக அதற்கு ஒரு துடிப்பு என்பது ஒரு செகண்டில் 300 கோடியில் ஒரு பங்கு. அந்தத் துடிப்பை ஒரு முழு செகண்ட் என்று நீட்டி வைத்துக்கொள்ளுங்கள். பிராசசருக்குள்ளேயே இருக்கும் கேஷ் மெமரியில் கேட்ட தகவல் இருந்தால் சில செகண்டில் கைக்கு வரும். ராமுக்குப் போனால் நாலைந்து நிமிடம். எஸ்எஸ்டி என்றால் மூன்று நான்கு நாள். ஹார்ட் டிஸ்க் என்றால் ஒரு வருடத்துக்கு மேல்! நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றும் தட்டில் ஒரு சுற்றுக்கே 8 மில்லி செகண்டுக்கு மேல் ஆகிறது. படிக்கும் முனை சரியான தடத்துக்கு நகரும் நேரம் தனி. பாவம் பிராசசர், அது எவ்வளவு வேகமாக இருந்து என்ன?

இதை நீங்களே சோதிக்கலாம். மெஷினை ரீஸ்டார்ட் செய்து, சற்றுப் பொறுத்து, ஏதாவது பெரிய சாஃப்ட்வேரைத் திறந்து போனில் நேரம் பாருங்கள். மூடிவிட்டு உடனே மறுபடி திறங்கள். ஹார்ட் டிஸ்க் உள்ள மெஷினில் வித்தியாசம் நன்றாகத் தெரியும். முதல் தடவை டிஸ்க்கிலிருந்து படித்ததை விண்டோஸ் ராமில் விட்டுவைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

மெஷின் திணறும் நேரத்தில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். சிபியு, அதாவது பிராசசர், 15 சதவீதத்தில் சும்மா இருக்க, டிஸ்க் 100-ல் நின்றால் பிராசசர் மேல் குற்றமில்லை. மெமரியும் 90-ஐத் தாண்டியிருந்தால், இடம் போதாமல் ராமில் இருப்பதை டிஸ்க்குக்குத் தள்ளித் தள்ளித் திரும்ப எடுத்துக்கொண்டிருக்கிறது என்று சந்தேகிக்கலாம். இந்த நிலையில் புது கம்ப்யூட்டர் வாங்கச் சொல்பவரை நான் நம்பமாட்டேன். முதலில் எஸ்எஸ்டி போடுங்கள், அடுத்து ராம் கூட்டுங்கள்.

ராம் வாங்கப் போகும்போது பழைய பட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள். ராமில் டிடிஆர்3, டிடிஆர்4 என்று தலைமுறைகள் உண்டு; டிடிஆர்3 ஸ்லாட்டில் டிடிஆர்4 உட்காராது, நடுவில் இருக்கும் வெட்டு இடம் மாறியிருக்கும். உட்காரவில்லையே என்று அழுத்தினால் ஸ்லாட்தான் உடையும்.