பழைய ட்வின் லென்ஸ் கேமராவில் முதல் ரோல்: போடுவதிலிருந்து கழற்றுவது வரை

முன்பக்கம் மேலும் கீழுமாக இரண்டு லென்ஸ், தலையில் மூடி திறக்கும் பெட்டி. அப்படியொரு கேமரா உங்கள் வீட்டு அலமாரியில் கிடக்கிறதா? அதுதான் ட்வின் லென்ஸ் ரிஃப்ளெக்ஸ். ஒரு காலத்தில் கல்யாண வீடுகளில் ஸ்டுடியோக்காரர் கழுத்தில் தொங்கியது இந்த வகைதான். என்னிடம் இருப்பது யாஷிகா மேட் 124ஜி, 1970 வாக்கில் ஜப்பானிலிருந்து வந்த மாடல். அதை வைத்தே சொல்கிறேன். வேறு கம்பெனி கேமரா என்றால் சின்னச் சின்ன வித்தியாசம் இருக்கும்.

இதற்குப் போடுவது 120 ரோல். 1901-ல் கோடாக் தன் பிரௌனி கேமராவுக்காகக் கொண்டுவந்த அளவு அது. இன்றைக்கும் புதிதாக விற்கிறது. ஒரு நெகட்டிவ் 56 மி.மீ. சதுரம். 35 மி.மீ. ஃபிலிமின் ஃபிரேமோடு ஒப்பிட்டால் பரப்பில் மூன்றரை மடங்குக்கும் கொஞ்சம் மேலே. சுவர் அளவுக்குப் பெரிதாக்கினாலும் முகத்தில் வெளிச்சமும் நிழலும் பூசினாற்போல இறங்கும். ஒரு ரோலுக்குப் பன்னிரண்டே படம்.

முதலில் கேமராவைச் சோதியுங்கள்

ஃபிலிம் போடாமலே கைப்பிடியைச் சுற்றி, ஷட்டரை 1 விநாடியில் வைத்து அமுக்குங்கள். "ர்ர்ர்" என்று ஓடி நிற்க வேண்டும். நடுவில் சிக்கினால் உள்ளே எண்ணெய் பிசினாகியிருக்கிறது; மெக்கானிக்கிடம்தான் போக வேண்டும். அடுத்து லென்ஸில் டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி தெரிந்தால் பூஞ்சை. கடலோர ஊர்களில் இது சகஜம், லேசாக இருந்தால் படத்தில் தெரியாது. வெளிச்சத்தை அளக்கும் லைட் மீட்டர் செத்திருந்தால் கவலையே வேண்டாம். அதற்கான பாதரச பேட்டரி இப்போது வருவதில்லை, போனில் இருக்கும் மீட்டர் ஆப் போதும்.

ஃபிலிம் போடுவது

எல்லாரும் கோட்டை விடுவது இங்கேதான். நானும் விட்டேன். அக்கா மகனின் காதுகுத்துக்கு ஆசையாக எடுத்துப்போய்ப் பன்னிரண்டு படம் எடுத்தேன். கழுவி வந்த ஃபிலிமில் ஒரு நிழல்கூட இல்லை. 120 ரோலில் ஃபிலிமுக்குப் பின்னால் வெளிச்சம் படாமல் காக்க ஒரு காகிதம் சேர்ந்தே சுற்றியிருக்கும். ரோலைத் திருப்பிப் போட்டிருக்கிறேன், அன்றைக்கு லென்ஸ் பார்த்ததெல்லாம் அந்தக் காகிதத்தின் முதுகைத்தான்.

அதனால் முதலில் ஒரு வீண் ரோலில் பழகுங்கள். பழைய பெட்டிகளில் சில சமயம் ஊட்டி இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸின் 'இந்து' ரோல் காலாவதியாகிக் கிடக்கும். பழக அதைவிட நல்லது கிடையாது.

நிழலான இடத்தில் உட்காருங்கள். கேமராவின் அடியில் உள்ள பூட்டைத் திருப்பினால் பின்கதவு மேல்நோக்கித் திறக்கும். கதவின் உள்பக்கத் தகடு 12 படத்துக்கான நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். 24 என்பது 220 ரோலுக்கு, அதாவது இதே அகலத்தில் நீளம் கூடிய ஃபிலிமுக்கு. காலி ஸ்பூல் (ஃபிலிம் சுற்றும் உருளை) மேல் அறையில் இருக்க வேண்டும், புது ரோல் கீழ் அறைக்கு. பக்கவாட்டுக் குமிழை வெளியே இழுத்தால் ரோல் உள்ளே உட்காரும்.

ரோலின் ஒட்டுத்தாளைக் கிழித்து, காகித நுனியை மேலே இழுத்துக் காலி ஸ்பூலின் பிளவில் செருகுங்கள். எழுத்து அச்சடித்த பக்கம் உங்களைப் பார்க்க வேண்டும், வெறும் கறுப்புப் பக்கம் லென்ஸைப் பார்க்க வேண்டும். இதை இரண்டு தடவை சரிபாருங்கள். கைப்பிடியை மெதுவாகச் சுற்றுங்கள், காகிதம் கோணாமல் போகட்டும். குறுக்கே ஒரு அம்புக்குறி வரும். அது கேமராவின் உள்ளே இருக்கும் தொடக்கக் குறிக்கு நேராக வந்ததும் நிறுத்திக் கதவைப் பூட்டுங்கள். இனி தானாக நிற்கும்வரை சுற்றினால் எண் 1 வந்துவிடும்.

வெளிச்சக் கணக்கு

ஐ.எஸ்.ஓ. என்பது ஃபிலிம் எவ்வளவு வெளிச்சத்தை உணரும் என்ற அளவு; எஃப் என்பது லென்ஸ் துளையின் அளவு, எண் குறைந்தால் துளை பெரிதாகும். 400 ஐ.எஸ்.ஓ. கறுப்பு வெள்ளை ரோல் என்றால் உச்சி வெயிலில் ஷட்டர் 1/500 விநாடி, எஃப் 16. முழுக்க மேகம் மூடினால் அதே வேகத்தில் எஃப் 8, மர நிழலில் எஃப் 4. சந்தேகம் வந்தால் கொஞ்சம் கூடுதலாகவே வெளிச்சம் கொடுங்கள், நெகட்டிவ் தாங்கும்.

குனிந்து பார்ப்பது

மேல் மூடியைத் திறந்தால் கண்ணாடியில் உலகம் தெரியும். மேல் லென்ஸ் காட்டுவதற்கு, கீழ் லென்ஸ் எடுப்பதற்கு. மேலே கீழே மாறாது, ஆனால் இடம் வலமாகத் தெரியும். குழந்தை வலப்பக்கம் ஓடினால் கண்ணாடியில் இடப்பக்கம் ஓடும். நீங்கள் தப்பான பக்கம் திரும்புவீர்கள், குழந்தை ஃபிரேமை விட்டே போய்விடும். இரண்டு ரோலில் கை பழகிவிடும், அதுவரை ஓடாதவர்களை எடுங்கள்! திண்ணையில் உட்கார்ந்த பாட்டி உத்தமம்.

இந்தக் கேமராமேல் எனக்குள்ள மயக்கமே இந்தக் குனிதல்தான். முகத்தை மறைக்கும் கறுப்புப் பெட்டி நடுவில் இல்லாததால் எதிரில் இருப்பவர் விறைப்பதில்லை. மூடிக்குள் மடிந்திருக்கும் பூதக்கண்ணாடியைத் தூக்கி, கண் இமை முடிக்கு ஃபோகஸ் செய்து, "ம், அப்புறம் என்ன ஆச்சு?" என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே அமுக்கலாம். துள்ளும் கண்ணாடி உள்ளே கிடையாது, அதனால் சத்தம் சின்ன "டிக்" மட்டும். கழுத்து வாரை இறுக்கிப் பிடித்தால் 1/30-லும் படம் ஆடாது.

ரோல் முடிந்ததும்

பன்னிரண்டாவது படத்துக்குப் பின் கைப்பிடி தடையில்லாமல் சுற்றும். காகிதம் முழுக்க மேல் ஸ்பூலில் ஏறும்வரை சுற்றி, நிழலில் திறவுங்கள். வெளியே எடுக்கும்போது ரோல் தளர்ந்தால் ஓரத்தில் வெளிச்சம் புகுந்துவிடும். விரலால் இறுக்கிப் பிடித்தபடியே நுனியை மடித்து, பசைத்தாளை நக்கி ஒட்டுங்கள். மிச்சமான காலி ஸ்பூலை எறியாதீர்கள். அதை மேல் அறைக்கு மாற்றினால்தான் அடுத்த ரோல் போட முடியும்.

லேபுக்கு முதலிலேயே போன் போட்டு, 120 கழுவுவார்களா என்று கேளுங்கள். ஸ்கேனை மட்டும் அனுப்பிவிட்டு நெகட்டிவைக் குப்பையில் போடுகிற இடங்களும் உண்டு, அதனால் "நெகட்டிவ் எனக்கு வேண்டும்" என்று கவர்மேலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.