பழைய பித்தளைக் கைப்பிடியில் இருக்கும் குரோம் முலாமை எடுப்பது எப்படி?

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் இருக்கும் பழம்பொருள் கடைகளில், பழைய வீடுகளிலிருந்து கழற்றி வந்த கைப்பிடி, கொண்டி, தாழ்ப்பாள் எல்லாம் குவிந்து கிடக்கும். சிலது எவர்சில்வர் மாதிரி வெள்ளையாகப் பளபளக்கும், ஓரம் தேய்ந்த இடத்தில் மட்டும் மஞ்சள் தெரியும். உள்ளே நல்ல பித்தளை, மேலே முலாம். எங்கள் வாசற்கதவுக்கு அப்படி ஒரு ஜோடிக் கைப்பிடி வாங்கி, முலாமை நானே எடுத்தேன். அந்த முறைதான் இது.

முதலில் உலோகத்தைப் பாருங்கள்

காந்தம் பலமாக ஒட்டினால் உள்ளே இரும்பு, அதை விட்டுவிடுங்கள். ஒட்டவில்லை என்பதற்காகப் பித்தளை என்று முடிவு கட்டவும் வேண்டாம். துத்தநாகக் கலவையில் வார்த்த மசாக் சாமானிலும் காந்தம் ஒட்டாது, அதை ஆசிட்டில் போட்டால் அரித்துத் தின்றுவிடும். பின்பக்கம், திருகு உட்காரும் இடத்தில் அரத்தால் ஒரு இழுப்பு இழுங்கள். மஞ்சள் வந்தால் பித்தளை. சாம்பல் நிறம் வந்தால் மசாக். மசாக்கில் முலாமுக்கு அடியில் செம்பு பூசியிருப்பார்கள், அதனால் சிவப்பாக எதையாவது பார்த்தவுடன் நிறுத்தாமல் இன்னும் கொஞ்சம் ஆழமாக இழுத்துப் பாருங்கள்.

இரண்டு அடுக்கு, இரண்டு வேலை

இங்கேதான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். நாம் குரோம் என்று சொல்வது ஒரே பூச்சு அல்ல. பித்தளை மேல் நிக்கல், அதன் மேல் குரோமியம். குரோமியம் ஒரு மைக்ரானுக்கும் குறைவு, கனமெல்லாம் நிக்கலில்தான். ஆசிட்டில் குரோமியம் கரையும், நிக்கல் லேசில் அசையாது. குரோமியம் முழுக்கப் போன பிறகும் சாமான் வெள்ளையாகவே இருக்கும். இன்னும் போகவில்லை என்று நினைத்து இரவு முழுக்க ஊறவிட்டால், முலாம் தேய்ந்து பித்தளை வெளியே தெரிகிற இடங்களில் ஆசிட் துத்தநாகத்தை இழுத்துவிடும். அந்த இடம் செம்பு மாதிரி ரோஸ் நிறமாகிவிடும்.

நிறத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். குரோமியத்தின் வெள்ளையில் லேசான நீலம் இருக்கும், நிக்கலின் வெள்ளையில் லேசான மஞ்சள். குரோம் முலாம் சந்தைக்கு வந்ததே 1920களின் நடுவில்தான். அதற்கு முந்தைய சாமானில் ஆரம்பத்திலிருந்தே வெள்ளை முலாம் இருந்திருந்தால் அது பெரும்பாலும் வெறும் நிக்கல். அப்படியானால் ஆசிட் வேலையே வேண்டாம், நேராக உப்புத்தாளுக்குப் போய்விடலாம்.

ஆசிட்

மொட்டைமாடி மாதிரித் திறந்த இடத்தில் செய்யுங்கள். வீட்டுக்குள் செய்தால் புகை நெஞ்சை அடைக்கும், பக்கத்தில் இருக்கும் இரும்புச் சாமானெல்லாம் துருப்பிடிக்கும். ரப்பர் கையுறை, கண்ணாடி கட்டாயம். இரும்புத் திருகு, ஸ்பிரிங் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு போகச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மேலே வார்னிஷ் இருந்தால் தின்னரால் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஆசிட் உள்ளே இறங்காது.

பிளாஸ்டிக் டப்பில் முதலில் தண்ணீர், அப்புறம் அதே அளவு ஹைட்ரோகுளோரிக் ஆசிட். இந்த வரிசை மாறக் கூடாது. பிளீச்சிங் பவுடர் பட்ட டப் வேண்டவே வேண்டாம், குளோரின் வாயு கிளம்பும். சாமானை இறக்கியதும் நுரைத்துப் பச்சை கலங்கும். சும்மா கிடந்தால் ஒரு அலுமினியக் கம்பியால் தொட்டுப் பாருங்கள், பெரும்பாலும் அந்த இடத்திலிருந்து குமிழி பரவ ஆரம்பிக்கும். குமிழி நின்றதும் எடுத்துவிடுங்கள். சலவை சோடா கரைத்த தண்ணீரில் முக்கி, நன்றாக அலசுங்கள்.

பேட்டரி சார்ஜரும் உப்புத் தண்ணீரும் வைத்து மின்சாரத்தால் முலாம் எடுக்கும் வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். குரோம் சாமானில் தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அதில் புற்றுநோய் தரும் ஆறு இணைதிறன் குரோமியம் உண்டாகும். ராணிப்பேட்டையில் மூடிய குரோமேட் ஆலையின் கழிவு நிலத்தடி நீரை என்ன பாடுபடுத்தியது என்று தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. நம்முடைய ஆசிட் கரைசலில் இருப்பது அவ்வளவு கொடியது இல்லைதான், ஆனாலும் சாக்கடையிலோ செடிக்கோ ஊற்றாதீர்கள். சலவை சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டால் பச்சை மண்டி அடியில் தங்கும். டப்பை அப்படியே மூடிவைத்து, கழிவு சுத்திகரிப்பு வசதியுள்ள முலாம் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

நிக்கலைத் தேய்த்து எடுப்பது

இதற்குக் கைதான் வேண்டும். 220 நம்பர் வாட்டர் பேப்பரில் தொடங்கி 400, 600, 1000 என்று ஏறுங்கள். எப்போதும் தண்ணீரோடு தேய்க்க வேண்டும், நிக்கல் தூள் மூச்சில் போகக் கூடாது.

முதலில் சாம்பல் குழம்பு வரும். முனைகளில் மஞ்சள் கோடு தெரியும், அது மெதுவாக அகலமாகும். நடுவில் வெள்ளைத் திட்டு ஒன்று பிடிவாதமாக நிற்கும். விரலால் அந்தத் திட்டை மட்டும் அழுத்தித் தேய்த்தால், நிக்கலை விட மிருதுவான பித்தளை சுற்றிலும் சீக்கிரம் தேய்ந்து பள்ளம் விழும், பாலிஷ் போட்டதும் அலை அலையாகத் தெரியும். பேப்பரை ஒரு மரக்கட்டையில் சுற்றித் தட்டையாகத் தேயுங்கள். உருண்டைக் கைப்பிடிக்கு நாடா மாதிரிக் கிழித்து, செருப்புக்குப் பாலிஷ் போடுகிற மாதிரி இரண்டு பக்கமும் இழுங்கள்.

கிரைண்டரில் கம்பி பிரஷ் போடுவதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். நிக்கல் பாதி அப்படியே இருக்கும், பித்தளையில் கீறல் மட்டும் விழும். பூவேலை, யாளி முகம் உள்ள சாமானைத் தேய்த்தால் வேலைப்பாடு மழுங்கிவிடும். அதை முலாம் பட்டறையில் கொடுத்து, "நிக்கலை மட்டும் எடுத்துக் கொடுங்க, பஃப் போட வேண்டாம்" என்று அழுத்திச் சொல்லுங்கள். பஃப் என்பது சுழலும் துணிச் சக்கரத்தில் பிடித்து மெருகேற்றுவது.

ரோஸ் நிறம் விழுந்த இடம் மேலோட்டமாக இருந்தால் 600 பேப்பரிலேயே போய்விடும். கடைசியில் பிராசோ மாதிரிப் பித்தளை பாலிஷ் போட்டுத் துடைத்தால் போதும். தினம் கை படும் கைப்பிடிக்கு லாக்கர் என்னும் நிறமில்லாத வார்னிஷ் பூச்சு வேண்டாம், தேய்ந்த இடம் மட்டும் கறுத்து அசிங்கமாகிவிடும்.

பிற்சேர்க்கை: பித்தளை அண்டா, குண்டானுக்கும் இதே முறை சரிப்படுமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். கூடாது. உள்ளே இருக்கும் வெள்ளீயப் பூச்சு, புளிக் குழம்பு கறுக்காமலும் களிம்பு ஏறாமலும் இருப்பதற்காகப் போட்டது. அது தேய்ந்திருந்தால் மறுபடி ஈயம் பூசத்தான் கொடுக்க வேண்டும். பழைய குழாய்களிலும் கை வைக்காதீர்கள், உள்ளே தங்கும் ஆசிட்டும் நிக்கலும் குடிக்கிற தண்ணீரில் கலந்துவிடும்.