சனிக்கிழமை பிழிந்த கால்களோடு ஞாயிறு ரேஸ்: எங்கே கோட்டை விடுகிறோம்

சனிக்கிழமை குழுவோடு சைக்கிளில் ஏற்காடு மலை ஏறிவிட்டு, 'நாளைக்கு ரேஸ் இருக்கே' என்று மாலையில் கவலைப்படுபவர்கள் நிறைய. சில சமயம் பயிற்சித் திட்டமே அப்படி அமையும், சில சமயம் நண்பர் கடைசி நேரத்தில் நம் பெயரையும் சேர்த்துக் கொடுத்திருப்பார். இந்த நிலையில் ரேஸ் ஓட்டலாமா என்றால், தாராளமாக ஓட்டலாம். உலகப் புகழ்பெற்ற சைக்கிள் பந்தயமான டூர் டி பிரான்ஸில், நாளுக்கு ஒன்றாக 21 கட்டங்களுக்கு இரண்டே ஓய்வு நாட்கள்தான். முதல் நாளைத் தவிர அங்கே யாரும் புதுக் கால்களோடு கிளம்புவதில்லை. அவர்கள் நேற்றைய களைப்பையும் கணக்கில் சேர்த்து ஓட்டுகிறார்கள். நம்மில் பலர் நேற்று என்று ஒரு நாளே இல்லாதது போல ஓட்டுகிறோம்.

பெரிய தவறு ரேஸில் நடப்பதில்லை, சனிக்கிழமை சாப்பாட்டிலேயே நடந்துவிடுகிறது. தசையிலும் கல்லீரலிலும் சேர்த்து ஏறத்தாழ 500 கிராம் மாவுச்சத்து கிளைக்கோஜனாக, அதாவது உடலின் சேமிப்பு எரிபொருளாக இருக்கும். மூன்று, நான்கு மணி நேரம் கடுமையாக மிதித்தால் அதில் பெரும்பகுதி காலி. மறுபடி நிரம்ப ஏறக்குறைய ஒரு நாள் ஆகும், அதுவும் ஒழுங்காகச் சாப்பிட்டால்தான். ஆனால் நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? வீட்டுக்கு வந்ததும் ஒரு புரோட்டீன் ஷேக், இரவு 'லைட்டாக' மூன்று இட்லி. ஒரு இட்லியில் இருக்கும் மாவுச்சத்து சுமார் 10 கிராம்தான். மறுநாளே ரேஸ் என்றால், பயிற்சி முடிந்த முதல் நான்கு மணி நேரத்தில் உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராம் வீதம் ஒவ்வொரு மணிக்கும் மாவுச்சத்து தேவை. 60 கிலோ ஆளுக்கு மணிக்கு 60 கிராம், அதாவது 200 கிராம் சோறு அளவு. ஒரே மூச்சில் முடியாது. சாம்பார் சாதம், வாழைப்பழம், தயிர் சாதம், அப்புறம் ஜூஸ் என்று பிரித்துப் பிரித்து உள்ளே தள்ள வேண்டியதுதான். 'சரி, பிரியாணியும் சோறுதானே' என்பார்கள். சோறு நல்லதுதான், பத்து மணிக்கு மேல் உள்ளே போகும் எண்ணெய்தான் காலை வரை வயிற்றில் கிடக்கும். தண்ணீரோடு உப்பையும் மறக்கக் கூடாது, மோரில் போட்டுக் குடித்தால் போதும்.

பிரிட்டன் வீரர் கிறிஸ் ஃப்ரூம் 2013 டூரில் ஜூலை 17 அன்று தனிநேர ஓட்டத்தை (ஒவ்வொருவரும் தனியாகக் கடிகாரத்தை எதிர்த்து ஓட்டுவது) வென்றார். மறுநாள் ஆல்ப் டூயஸ் மலையை இரண்டு முறை ஏற வேண்டிய கட்டம். இரண்டாவது ஏற்றத்தின் கடைசிப் பகுதியில் அவருக்குச் சர்க்கரை இறங்கிவிட்டது. சக வீரர் ரிச்சி போர்ட், அணிக் காரிடம் போய் ஜெல் (சர்க்கரைக் கூழ் பாக்கெட்) வாங்கி வந்து கொடுத்தார். கடைசிக் கிலோமீட்டர்களில் உணவு வாங்கத் தடை இருந்ததால் இருவருக்கும் 20 வினாடி அபராதம். மொத்தப் பந்தயத்திலும் முன்னணியில் இருப்பவர் அணியும் மஞ்சள் சட்டைக்காரருக்கே அந்தக் கதி. அதனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் போகும் ரேஸ் என்றால் சட்டைப் பையில் ஏதாவது இருக்கட்டும், பசி தெரியும் முன்பே சாப்பிடத் தொடங்குங்கள்.

காலையில் நடக்கும் தவறு வேறு மாதிரி. கால் கனக்கிறதே, மிச்சம் பிடிப்போம் என்று வார்ம்-அப்பையே விட்டுவிடுவது. களைத்த கால்களுக்குத்தான் அது கூடுதலாகத் தேவை. 20, 30 நிமிடம் சும்மா உருட்டுங்கள், நடுவில் ஒரு நிமிட அழுத்தங்கள் இரண்டு மூன்று போதும். முதல் பத்து நிமிடக் கனத்தை வைத்து 'இன்றைக்கு அவ்வளவுதான்' என்று தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். கால் விடுபட நேரம் எடுக்கும்.

இதயத் துடிப்பு மீட்டரையும் அன்று நம்ப முடியாது. களைத்த உடலில் எவ்வளவு மிதித்தாலும் துடிப்பு வழக்கமான உயரத்துக்கு ஏறாமல் இருப்பதுண்டு. எண் குறைவாக இருக்கிறதே என்று இன்னும் அழுத்துபவர் பாதி ரேஸிலேயே தீர்ந்துபோவார். மூச்சைக் கவனியுங்கள், அது ஏமாற்றாது.

ரேஸ் தொடங்கியபின் ஆளைக் கவிழ்ப்பது ரோஷம்தான். யார் அட்டாக் பண்ணினாலும், அதாவது திடீரென்று வேகமெடுத்துப் பிரிந்தாலும், பின்னால் பாய்வது. 2022 டூரில் ஸ்லோவேனிய வீரர் போகாச்சருக்கு நடந்ததைப் பாருங்கள். கலிபியே மலையில் எதிரணியின் ரோக்லிச்சும் விங்ககோரும் மாறி மாறித் தாக்க, மஞ்சள் சட்டையில் இருந்தவர் ஒவ்வொன்றுக்கும் தானே பதில் சொன்னார். அடுத்த மலையான கிரனோனில் ஏறத்தாழ மூன்று நிமிடமும் அந்தச் சட்டையும் போயின. அவருக்கே எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிக் கட்டுப்படியாகவில்லை. நேற்று ஏற்காடு ஏறியவர் ஒன்றிரண்டுக்குத்தான் போக முடியும். எதற்கு என்பதை முன்பே யோசித்து வையுங்கள். மற்ற நேரமெல்லாம் அடுத்தவர் சக்கரத்துக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளுங்கள், காற்றை அவர் தடுப்பதால் கால்வாசி உழைப்பாவது மிச்சம். தனிநேர ஓட்டத்தில் இதற்கு அனுமதி இல்லை, அங்கே தூரத்தில் முதல் கால்வாசியை அடக்கி ஓட்டுவதுதான் வழி.

ஒட்டிக்கொள்ளச் சொன்னால் கூட்டத்தின் வாலுக்குப் போய் ஒளிந்துகொள்கிறார்கள். நம்மூர் ரேஸ்கள் பலவும் யூ-டர்ன் அடித்துத் திரும்புபவை. திருப்பத்தில் முன்னால் இருப்பவர் மெதுவாகத் திரும்பிச் சாதாரணமாக வேகம் எடுப்பார், கடைசி ஆளோ ஒவ்வொரு முறையும் ஸ்பிரிண்ட் அடித்துத்தான் ஒட்ட முடியும். முன் மூன்றில் ஒரு பங்குக்குள் இருங்கள், ஆனால் முதல் சக்கரமாக வேண்டாம். கியரையும் ஒரு படி இலேசாக வைத்து வேகமாகச் சுற்றுங்கள். களைப்பில் கவனம் மங்கும் என்பதால் முன்னால் இருப்பவரின் பின்சக்கரத்தோடு உங்கள் முன்சக்கரம் பக்கவாட்டில் கோர்க்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வலி மாத்திரை போட்டுக்கொண்டு நிற்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கும். ஐபுப்ரோஃபென் போன்றவை வெயிலிலும் நீரிழப்பிலும் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும். இரண்டு தொடையும் ஒரே மாதிரி இறுகி வலித்தால் அது நேற்றைய உழைப்பு, ஓட்டலாம். ஒரு முட்டி மட்டும் குத்துகிறது என்றாலோ, காய்ச்சல் இருக்கிறது என்றாலோ, எழுந்ததும் நாடித் துடிப்பு வழக்கத்தைவிட 10 கூடியிருந்து உடம்பும் சரியில்லை என்றாலோ நம்பர் துணியைக் குத்தாமல் வீட்டுக்குத் திரும்புங்கள். நுழைவுக் கட்டணம் போனால் போகட்டும்.