பாவித்த சொகுசு மணிக்கூட்டைக் கொழும்பில் விற்பது எப்படி

ஒரே மொடல், ஒரே வருடம், வெளித்தோற்றமும் ஏறக்குறைய ஒன்று. ஆனாலும் இரண்டு மணிக்கூடுகள் இரு வேறு விலைக்குப் போகும். அசல்தானா, உள்ளே தண்ணீர் போயிருக்கிறதா, பாகம் மாற்றியிருக்கிறார்களா, களவுப் பொருளா என்று வாங்குபவருக்குச் சந்தேகம் எழும் ஒவ்வொரு இடத்திலும் அவர் மனதுக்குள் விலையைக் கழித்துக்கொண்டே வருவார். அந்தச் சந்தேகங்களை விளம்பரம் போடும் முன்பே தீர்த்து வைப்பவருக்குத்தான் நல்ல விலை கிடைக்கிறது.

எண்களும் காகிதங்களும்

முதலில் மொடல் இலக்கத்தையும் தொடர் இலக்கத்தையும் எழுதி வையுங்கள். பழைய ரோலெக்ஸில் செயினைக் கழற்றினால் 12 மணிப் பக்கத்தில் மொடல் இலக்கமும் 6 மணிப் பக்கத்தில் தொடர் இலக்கமும் உலோகத்தில் பொறித்திருக்கும். 2000களின் பிற்பகுதியிலிருந்து தொடர் இலக்கம் கண்ணாடிக்குக் கீழே உள்ள உள்வளையத்தில், 6 மணிக்கு நேராக இருக்கும். 2010 அளவிலிருந்து ரோலெக்ஸ் தொடர் இலக்கங்களை வரிசையின்றி வழங்குவதால் இலக்கத்தை வைத்து வருடத்தைச் சொல்ல முடியாது. உத்தரவாத அட்டையில் உள்ள திகதிதான் சான்று. பல ஒமேகாக்களில் தொடர் இலக்கம், பட்டி பூட்டும் காதுகளின் பின்புறத்தில் மிகச் சிறிய எழுத்தில் இருக்கும். பூதக்கண்ணாடி தேவைப்படும்.

ரோலெக்ஸின் சப்மரீனர் மொடலை “சப்மரீனர் விற்பனைக்கு” என்று மட்டும் போட்டால் குறைத்துக் கேட்பவர்கள்தான் வருவார்கள். திகதி காட்டும் சப்மரீனரில் 116610 என்பது 2010 முதல் 2020 வரை வந்த 40 மில்லிமீற்றர் மணிக்கூடு. உள்ளே 3135 இயந்திரம், முழுச் சாவிக்கு 48 மணித்தியாலம் ஓடும். 2020 செப்டெம்பரில் வந்த 126610 இலக்கத்துக்கு 41 மில்லிமீற்றர், 3235 இயந்திரம், 70 மணித்தியாலம். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும். விலை ஒன்றல்ல.

அடுத்து உத்தரவாத அட்டை, பெட்டி, வாங்கிய பற்றுச்சீட்டு, சேர்விஸ் பில்கள், கழற்றி வைத்த செயின் கண்ணிகள் எல்லாவற்றையும் ஓரிடத்தில் சேருங்கள். கண்ணிகளை மறந்துவிடாதீர்கள். கை பருத்த ஒருவர் வாங்க வந்தால் இரண்டு கண்ணி குறைவது பெரிய பேரமாகிவிடும். இங்கு பல மணிக்கூடுகள் லண்டனிலோ ரொறன்ரோவிலோ இருக்கும் உறவினர் கொண்டுவந்து கொடுத்தவை. அட்டை அவர்களின் அலுமாரியிலேயே தங்கியிருக்கும். விற்கும் யோசனை வந்த அன்றே கேட்டு அனுப்பச் சொல்லுங்கள். தொலைந்த அட்டைக்குப் பதிலாக ரோலெக்ஸ் இன்னொன்று தருவதில்லை. அப்படியான நிலையில், தொடர் இலக்கம் குறிப்பிட்டுள்ள அதிகாரபூர்வ சேர்விஸ் பில்தான் அடுத்த நல்ல சான்று. “முழு செட்” என்று காட்டுவதற்காக வேறு மணிக்கூட்டின் பெட்டியை இணையத்தில் வாங்கி வைக்க வேண்டாம். அந்தப் பெட்டி எந்தக் காலத்துக்குரியது என்று தெரிந்தவர் மணிக்கூட்டையே சந்தேகிப்பார்.

நம் ஊர் ஈரப்பதத்தில் பெட்டியின் உள்ளே இருக்கும் செயற்கைத் தோல் சில வருடங்களில் பிசுபிசுத்து உதிரும். மென்மையான தூரிகையால் உதிரியை எடுத்துவிட்டு அப்படியே காட்டுங்கள். பசை போட்டு ஒட்டினால் இன்னும் மோசமாகத் தெரியும்.

சுத்தம் செய்யலாம், பொலிஷ் செய்யக்கூடாது

தண்ணீர் படலாம் என்று உறுதியான மணிக்கூடாக இருந்தால் பக்கத்தில் உள்ள சாவிக் குமிழை இறுகத் திருகிவிட்டு, செயினைக் கழற்றி, இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஒரு துளி பாத்திரச் சோப்புடன் மென்மையான பற்தூரிகையால் தேயுங்கள். கண்ணிகளுக்கிடையே அடைந்திருக்கும் வியர்வை அழுக்கு வெளியேறும். தண்ணீர் தாங்குமா என்று ஐயமிருந்தால் செயினை மட்டும் கழுவுங்கள். உடலை ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

பொலிஷ் செய்ய எவ்வளவு ஆசையாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். இயந்திரச் சக்கரத்தில் பொலிஷ் செய்யும்போது காதுகளின் கூரான விளிம்புகள் உருண்டு, உலோகம் தேய்ந்துபோகும். மீண்டும் கொண்டுவர வழியில்லை. சேகரிப்பாளர் கீறலை மன்னிப்பார், உருண்ட விளிம்பை மன்னிக்க மாட்டார். பழைய மணிக்கூட்டில் மஞ்சளேறிய எண்களையும் முட்களையும் புதிதாக மாற்றுவதும் அதே தவறுதான். விதிவிலக்கு ஒன்றுண்டு. ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் 3570.50 போன்றவற்றின் மேற்கண்ணாடி அக்ரிலிக். அதிலுள்ள மெல்லிய கீறல்களை அக்ரிலிக்குக்கான பொலிஷ் களிம்பால் சில நிமிடம் வட்டமாகத் தேய்த்து நீங்களே போக்கலாம். சஃபயர் கண்ணாடிக்கு இது பலிக்காது.

உள்ளே எப்படி இருக்கிறது

கொழும்பில் வாங்குபவர் முதலில் அஞ்சுவது ஈரத்துக்கு. வியர்வையும் கடற்காற்றும் தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையங்களைக் காலப்போக்கில் பழுதாக்கும். சோதனை எளிது. கையில் சற்று நேரம் கட்டி உடல் சூடு ஏறிய மணிக்கூட்டின் கண்ணாடி மேல் ஒரு சொட்டுக் குளிர்ந்த தண்ணீர் விட்டு ஒரு நிமிடம் கழித்துத் துடையுங்கள். கண்ணாடியின் உட்புறத்தில் அந்த இடத்தில் மூடுபனி தெரிந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. உடனே திறந்து உலர்த்தாவிட்டால் முட்களும் இயந்திரத்தின் உருக்குப் பாகங்களும் துருப்பிடிக்கும்.

பிறகு, மணிக்கூட்டின் துடிப்பைக் கேட்டு ஓட்டத்தை அளக்கும் டைம்கிராஃபர் கருவி வைத்திருக்கும் திருத்துநரிடம் கொண்டுபோங்கள். முழுச் சாவி கொடுத்த நிலையில், டயல் மேல் நோக்க வைத்துப் பார்க்கும்போது மூன்று எண்கள் தெரியும். நாளொன்றுக்கு எத்தனை வினாடி முந்துகிறது அல்லது பிந்துகிறது என்பது முதலாவது. உள்ளே இருபுறமும் ஆடும் சமநிலைச் சக்கரத்தின் ஊசலாட்ட வீச்சு, பாகையில், இரண்டாவது: பெரும்பாலான இயந்திரங்களுக்கு 270 முதல் 310 வரை ஆரோக்கியம், முழுச் சாவியிலேயே 220க்குக் கீழே இறங்கினால் சேர்விஸ் தேவை. மூன்றாவது துடிப்புப் பிழை, அதாவது “டிக்”குக்கும் “டொக்”குக்கும் இடையிலான நேர வித்தியாசம். ஒரு மில்லி வினாடிக்குக் கீழே இருந்தால் போதும். வீச்சைக் கணக்கிடக் கருவிக்குத் தூக்குக் கோணம் என்ற, இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும் அளவு தேவை; அதைச் சரியாக அமைக்கச் சொல்லுங்கள். ரோலெக்ஸ் 3135க்கு 52 பாகை, ஒமேகா 8500க்கு 38. ஒமேகாவை 52இல் வைத்தால் வீச்சு பொய்யாக உயர்ந்து தெரியும். வாங்குபவர் தன் திருத்துநரிடம் சரியாகப் பார்க்கும்போது உங்கள் மேல் சந்தேகம் விழும்.

திடீரென நாளொன்றுக்குப் பல நிமிடம் முந்த ஆரம்பித்தால் காந்தம் ஏறியிருக்கலாம். கைப்பையின் காந்தப் பூட்டு, ஒலிபெருக்கி போன்றவற்றின் அருகே வைத்ததால் வரும். காந்தம் நீக்கும் கருவியில் சில வினாடி வேலைதான். அதற்காக முழுச் சேர்விஸுக்குப் பணம் கொடுத்துவிடாதீர்கள்.

பின்மூடியைத் திறந்து இயந்திரத்தைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். இன்றைய போலிகள் வெளியே மிகத் துல்லியமாக இருப்பதால், உள்ளே பார்க்காமல் அனுபவசாலி பணம் தரமாட்டார். சரியான திறப்பான் இல்லாதவரிடம் திறக்க விட வேண்டாம். பின்மூடியில் விழும் கீறல் “யாரோ கைவைத்திருக்கிறார்கள்” என்று சொல்லிவிடும்.

நன்றாக ஓடும் மணிக்கூட்டை விற்பதற்காக மட்டும் சேர்விஸ் செய்வது பெரும்பாலும் நட்டம். ஈரம் புகுந்தது, நின்று போனது என்றால் மட்டும் செய்யுங்கள். கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

விலை

வாங்கிய ரூபாய் விலையை மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். 2022 மார்ச்சில் ரூபாய் மிதக்கவிடப்பட்டபின், டொலர் 200 ரூபாய் அளவிலிருந்து சில மாதங்களில் 360 வரை போனது. அதே வருடத் தொடக்கத்தில் உச்சத்தில் இருந்த உலகச் சந்தை விலைகள் பின்னர் சரிந்தன. 2019இல் வாங்கியவரும் 2022 தொடக்கத்தில் வாங்கியவரும் தங்கள் பற்றுச்சீட்டைப் பார்த்து விலை சொன்னால் இருவரும் தவறுவார்கள்.

மணிக்கூடுகளுக்கான இணையச் சந்தையான க்ரோனோ24இல் உங்கள் மொடல் இலக்கம், வருடம், அட்டை உள்ளதா இல்லையா என்று ஒத்துப்போகும் பட்டியல்களில் மலிவான பத்தை எடுங்கள். அவை கேட்கும் விலைகள்தான். ஈபேயில் விற்று முடிந்தவற்றைத் தனியே பார்த்தால் கொடுத்த விலை தெரியும். இரண்டுக்கும் நடுவே நின்று, அன்றைய டொலர் விகிதத்தில் ரூபாயாக்குங்கள். கடைக்காரர் இதைவிடக் குறைத்துத்தான் கேட்பார். அவருக்குத் திருத்தச் செலவு, முடங்கும் பணம், இலாபம் எல்லாம் உண்டு. அது ஏமாற்று அல்ல. மூன்று இடத்தில் கேட்டால் நியாயமான அளவு பிடிபடும்.

தங்க மணிக்கூட்டை நேரே செட்டியார் தெருவுக்குக் கொண்டுபோக வேண்டாம். நகைக்கடை இயந்திரத்தைக் கழற்றிவிட்டுத் தங்கத்தின் எடைக்கே விலை போடும். ஆனால் அந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் அதற்குக் கீழே போகவே கூடாது. 750 முத்திரை என்றால் 18 கரட். 100 கிராம் 18 கரட்டில் தூய தங்கம் 75 கிராம். 22 கரட்டாகக் கணக்கிட்டால் 81.8 கிராம், அதாவது பத்துப் பவுனுக்குச் சற்றுக் கூட. மைக்ரோன் கணக்கில் மெல்லிய தங்க முலாம் பூசியவற்றுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது.

எங்கே, எப்படி

பாவித்த மணிக்கூடு வாங்கி விற்கும் கடை வேகமானது, விலை குறைவானது. கடையில் ஒப்படைத்து விற்றால் தரகுக் கூலி எத்தனை வீதம், ஆகக் குறைந்த விலை எது, எத்தனை நாளுக்கு, களவு போனால் யார் பொறுப்பு என்று எழுத்தில் வாங்குங்கள். இக்மனிலும் முகநூலிலும் நேரே விற்றால் கூடக் கிடைக்கும், வேலையும் கூட.

வெளிநாட்டில் உறவினர் மூலம் விற்பதானால் எடுத்துச் செல்பவர் அந்நாட்டுச் சுங்கத்தில் அறிவிக்க வேண்டும், வரியைக் கழித்தே கணக்குப் பாருங்கள். முதலைத்தோல் பட்டி இருந்தால் இங்கேயே கழற்றிவிடுங்கள். அருகிவரும் உயிரினங்களின் வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கைப்படி எல்லை தாண்டி விற்க அனுமதிப்பத்திரம் கேட்கப்படும்.

படத்துக்குக் காலை வெளிச்சம், ஜன்னலோரம், நேர் வெயில் வேண்டாம். முட்களை 10 மணி 10 நிமிடத்தில் வைத்தால் பெயர் மறையாது. திகதியைச் சரிசெய்வதானால் இரவு 9 முதல் அதிகாலை 3 வரையான நிலையில் முட்கள் இருக்கும்போது விரைவுத் திகதி மாற்றத்தைத் தொடாதீர்கள். பல இயந்திரங்களில் சக்கரப் பற்கள் உடையும். டயல் நேராக, இரு பக்கவாட்டு, காதுகள், கொக்கி, பின்மூடி, டைம்கிராஃபர் திரை எனத் தனித்தனியே எடுங்கள். கீறல்களைச் சாய்ந்த வெளிச்சத்தில் காட்டுங்கள். தொடர் இலக்கத்தின் கடைசி நான்கு எழுத்துகளை மறையுங்கள், இல்லாவிட்டால் போலிக்குப் பொறிக்க உதவும். நேரில் வருபவருக்கு முழுவதையும் காட்டலாம். களவுபோன மணிக்கூடுகளின் பதிவேட்டில் சரிபார்க்க அவர் விரும்பினால் அனுமதியுங்கள்.

கைமாறும் நாள்

உங்கள் வங்கிக் கிளையிலேயே சந்தியுங்கள். வார நாள், முற்பகல். வெள்ளி மாலையும் போயாவுக்கு முந்திய நாள் பிற்பகலும் வேண்டாம்; ஏதாவது பிசகினால் வங்கி திறக்கும்வரை காத்திருக்க நேரும். பணம் அனுப்பியதாகத் தொலைபேசித் திரையில் காட்டுவதை நம்பாதீர்கள். உங்கள் கணக்கில் ஏறியதை உத்தியோகத்தரிடம் கேட்டு உறுதி செய்யுங்கள். பெரிய தொகைக்கு, வங்கிக்கு வங்கி உடனுக்குடன் பணம் மாற்றும் ஆர்டிஜிஎஸ் முறை பொருத்தம். காசோலையை வைப்பிட்டதும் தொகை கணக்கில் தெரியும், ஆனால் தீர்வாகும்வரை அது உங்களுடையதல்ல. காசாக வந்தால் கருமபீடத்தில் எண்ணி வைப்பிடுங்கள்.

வாங்குபவர் கையில் எடுத்துப் பார்க்கும்போது கண் அகலாதீர்கள். போலியை மாற்றி வைத்துவிட்டு “வேண்டாம்” என்று போவது பழைய தந்திரம். உங்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு சிறு கீறலை முன்பே குறித்து வைத்து, திரும்பப் பெறும்போது அதையும் தொடர் இலக்கத்தையும் பாருங்கள்.

பற்றுச்சீட்டு இரண்டு பிரதி: திகதி, மொடல் இலக்கம், தொடர் இலக்கம், கூடவே கொடுத்த பொருட்கள், விலை, இருவர் பெயரும் தேசிய அடையாள அட்டை இலக்கமும், கையொப்பம். தெரிந்த குறைகளையும் அதில் எழுதி, “பார்த்துத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்” என்ற வரிக்குக் கீழே ஒப்பமிடச் செய்யுங்கள். மணிக்கூட்டுக்குக் காப்புறுதி இருந்தால் அன்றே நிறுத்தி, விளம்பரங்களை எல்லாத் தளங்களிலிருந்தும் எடுத்துவிடுங்கள்.