கார்த்திகைல பள்ளிக்கரணை பக்கம் செடியும் பறவையும் பாக்கப் போறீங்களா?

இலையுதிர் காலம்னு ஸ்கூல்ல படிச்சத மொதல்ல மறந்துடுங்க. சென்னைல இலை கொட்டுறதெல்லாம் மாசி பங்குனில தான், ஐப்பசி கார்த்திகைல மழை விழுந்து எல்லாமே பச்சையா கெடக்கும், அதே சமயத்துல வடக்க குளிருக்கு பயந்து கெளம்புன பறவைங்களும் வந்து எறங்கும், ரெண்டையும் ஒரே நடையில பாக்க இத விட்டா நேரம் இல்ல.

என் சாய்ஸ் பள்ளிக்கரணை. ரேடியல் ரோடு ஓரமா பூங்காவும் நடைபாதையும் இருக்கு, உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட ராம்சர் பட்டியல்ல 2022ல சேந்த சதுப்பு நிலம் அது. மழை விட்ட மறுநாள் காலைல, வெயில் ஏறுறதுக்குள்ள போயிடுங்க, அப்புறம் வண்டி சத்தத்துல ஒண்ணும் காதுல விழாது.

போற போக்குல வாக்கிங் கணக்கையும் முடிச்சிரலாம்னு நெனச்சா ரெண்டும் உருப்படாது. ஒரே எடத்துல பத்து நிமிஷம் நில்லுங்க, செடிய பாருங்க, அதுக்கு யாரு வர்றாங்கன்னு பாருங்க. வேலில கோவைக்கொடி படர்ந்து பழம் செவந்திருந்தா கொண்டைக்குருவியும் குயிலும் வராம இருக்காது. முள்ளுமரத்து உச்சில கண்ணுக்கு குறுக்கால கறுப்பு பட்டையோட ஒண்ணு ஒக்காந்து கரகரன்னு திட்டிட்டு இருந்தா அது பழுப்புக் கீச்சான், சைபீரியா மங்கோலியா பக்கத்துலேர்ந்து வர்ற ஆளு, எடம் புடிச்சா லேசுல விடாது, அடுத்த வாரம் போனாலும் அங்கயே தான் இருக்கும்.

வாத்து தான் கொஞ்சம் கொழப்பும். நவம்பர்ல ஆண் வாத்து நெறைய பொட்டை மாதிரியே மங்கலா இருக்கும், புக்குல இருக்குற கலர தேடாதீங்க, உருவத்த பாருங்க. கழுத்து நீளமா ஒல்லியா இருந்தா ஊசிவால் வாத்து, அலகு நுனி அகலமா இருந்தா தட்டைவாயன். தண்ணி ரொம்ப ஏறிடுச்சுன்னா உள்ளான்லாம் கம்மி தான், கால் ஊனி மேய ஆழமில்லாத சேறு வேணுமே.

செங்காந்தளுக்கு நன்மங்கலம் காட்டுப் பக்கம் புதர் ஓரமா தேடணும். கிட்ட போயி இலை நுனிய பாருங்க, சுருண்டு பக்கத்து செடிய புடிச்சுகிட்டு தான் கொடி மேல ஏறும். பூவோட இதழ் பின்னாடி மடங்கி நிக்கும், புதுப்பூல அடில மஞ்சள், நாளாக ஆக முழுசா செவந்துடும், அதனால ஒரே கொடில ரெண்டு கலரு தெரியும். பசங்க கூட வந்தா தோண்ட விடாதீங்க, கெழங்கு கடுமையான விஷம்.

8x42 பைனாகுலர் (எட்டு மடங்கு பெருசா காட்டும், முன் லென்ஸ் 42 மி.மீ) போதும், கேமராவுக்கு அவசரமே இல்ல. மெர்லின் ஆப் சத்தத்த வெச்சு பேரு சொல்லும், ஆனா கண்ணால பாத்தத மட்டும் எழுதி வைங்க, எந்த செடில எந்த தேதில பாத்தீங்கன்னும் சேத்து. போன்ல பறவை சத்தம் போட்டு கூப்புடுறது மட்டும் வேணாம் ப்ளீஸ், பாவம் அதுங்க எதிராளி வந்துட்டான்னு பதறும்.

முழுக்கை சட்டை போடுங்க, கொசு சும்மா விடாது. அப்புறம் பேண்ட்ல ஒட்டிட்டு வர்ற நாயுருவி வெதைய அங்கயே உதிர்த்துட்டு வந்துருங்க, அப்படியே வாஷிங் மெஷின்ல போட்டா வீட்ல எல்லார் துணிலயும் அது தான் இருக்கும்.