வெப்பமண்டலத் தீவில் ஒரு வாரம்: கடைசி நாளில் தொடங்கித் திட்டமிடுவது எப்படி?

ஏழு நாள் விடுப்பு எடுத்தால் தீவில் ஏழு நாள் கிடைக்காது. முதல் நாள் விமானம், படகு, பெட்டி என்று கழிந்துவிடும். கடைசி நாள் திரும்புவதிலேயே போகும். நடுவில் ஒரு நாளை மழையோ காற்றோ எடுத்துக்கொள்ளும். மிஞ்சுவது நான்கு நாள். அந்த நான்கு நாளை வாரத்தில் எங்கே வைக்கிறோம் என்பதில்தான் பயணம் நன்றாக அமைவதும் கெடுவதும் இருக்கிறது. முதன்முறை போகிறவர்கள் பொதுவாக முதல் நாளில் ஆரம்பித்து வரிசையாக எழுதிக்கொண்டே போவார்கள். நாம் திரும்பும் விமானத்தில் ஆரம்பித்துப் பின்னோக்கி வரப்போகிறோம். அதற்கு முன் முடிவு செய்ய வேண்டியது ஒன்று உண்டு.

படி 1: மாதத்தையும் கரையையும் சேர்த்தே தேர்ந்தெடுங்கள்

"அந்தத் தீவுக்கு எந்த மாதம் நல்லது?" என்று மட்டும் கேட்டால் பாதி பதில்தான் கிடைக்கும். தீவின் எந்தப் பக்கம் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். தாய்லாந்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மேற்கே அந்தமான் கடலில் உள்ள புக்கெட்டில் மே முதல் அக்டோபர் வரை மழைக்காலம், கடலும் கொந்தளிக்கும். கிழக்கே தாய்லாந்து வளைகுடாவில் உள்ள கோ சமுய் தீவில் பெருமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. ஒரே நாடுதான், ஆனால் ஜூலையில் கோ சமுய் சரி, நவம்பர் கடைசியில் புக்கெட் சரி.

மலை உள்ள தீவில் இந்த வித்தியாசம் இன்னும் கூர்மையானது. காற்று வந்து மோதும் பக்கத்தில் மேகம் மேலேறிக் குளிர்ந்து மழையாகக் கொட்டும். மலைக்கு மறுபக்கம் காய்ந்து கிடக்கும். ஹவாயின் பெரிய தீவில் கிழக்குக் கரையிலுள்ள ஹிலோவில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை. அதே தீவின் மேற்குக் கரையில் சில இடங்களில் அதில் பத்தில் ஒரு பங்குகூடக் கிடையாது. அருவியும் பசுமையும் வேண்டுமானால் காற்றுப் பக்கம். தெளிந்த கடல் வேண்டுமானால் மறைவுப் பக்கம். அறை பதிவு செய்யும் முன் வரைபடத்தைத் திறந்து, அந்த மாதம் காற்று எங்கிருந்து அடிக்கிறது என்று பாருங்கள்.

புயல் பருவத்தையும் மனதில் வையுங்கள். கரீபியனில் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை, உச்சம் செப்டம்பர். மொரீஷியஸ், ஃபிஜி போன்ற தெற்கு அரைக்கோளத் தீவுகளில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. பூமி சுழல்வதால் காற்றுக்குக் கிடைக்கும் திருகல் நிலநடுக்கோட்டுக்கு அருகே மிகக் குறைவு. அதனால் அதன் இருபுறமும் ஏறத்தாழ 5 பாகை அட்சரேகைக்குள் புயல் உருவாவது அரிது. தேதியை மாற்றவே முடியாதவர்களுக்கு இந்தப் பட்டையிலுள்ள தீவுகள் பாதுகாப்பான தேர்வு. ஆனால் அங்கும் மழை பெய்யும்.

படி 2: திரும்பும் விமானத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

ஒரு தாளில் 7 என்று கடைசியில் எழுதி, அதன் எதிரே விமானம் புறப்படும் நேரத்தைக் குறியுங்கள். இனி மேலே ஏறுவோம்.

ஆறாம் நாள் இரவு, விமான நிலையம் உள்ள தீவிலேயே தூங்க வேண்டும். சின்னத் தீவிலிருந்து காலைப் படகில் வந்து மதிய விமானத்தைப் பிடிப்பது தாளில் அழகாக இருக்கும். கடல் கொந்தளித்தால் துறைமுகத்தில் சிவப்புக் கொடி ஏறும், படகு நிற்கும், விமானம் காத்திருக்காது. பயணிகள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இந்த ஒரு இடத்தில்தான். ஒரு இரவு அறை வாடகையைவிடப் புதிய விமானச் சீட்டு பல மடங்கு அதிகம்.

ஸ்கூபா, அதாவது காற்றுக் கலனைச் சுமந்து நீருக்கடியில் முக்குளிப்பது, செய்வதாக இருந்தால் இன்னொரு கணக்கும் இருக்கிறது. நீருக்கடியில் அழுத்தத்தில் சுவாசிக்கும்போது நைட்ரஜன் உடலில் கரைகிறது. மேலே வந்த பிறகு அது மெல்ல வெளியேற நேரம் வேண்டும். விமானத்துக்குள் காற்றழுத்தம் தரையைவிடக் குறைவு. அவசரப்பட்டு ஏறினால் அந்த வாயு உடலுக்குள்ளேயே குமிழியாகி மூட்டுகளையும் நரம்புகளையும் தாக்கும். முக்குளிப்புப் பாதுகாப்பு அமைப்புகளின் பரிந்துரை இதுதான்: ஒரே ஒரு முறை இறங்கியிருந்தால் குறைந்தது 12 மணி நேரம், பல முறை அல்லது பல நாள் இறங்கியிருந்தால் குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி. உயரமான மலைக்கும் இது பொருந்தும். காலையில் ஹவாயின் மாவித் தீவில் முக்குளித்துவிட்டு, அன்றே 3,055 மீட்டர் உயர ஹலேயாகலா எரிமலைக்குக் கார் ஏறக்கூடாது. மூச்சுக்குழாயோடு நீர்மட்டத்தில் மிதந்து பார்க்கும் ஸ்நார்கெலிங்குக்கு இந்தக் கவலை இல்லை. மேற்பரப்புக் காற்றைத்தானே சுவாசிக்கிறோம்.

ஆகவே ஸ்கூபா அதிகபட்சம் ஐந்தாம் நாளோடு முடிய வேண்டும். ஆனால் அதையும் ஐந்தாம் நாளில் வைக்காதீர்கள். முக்கியமான கடல் நாளை இரண்டாம் நாளிலேயே வையுங்கள். வானிலை கெட்டு அது ரத்தானால் மூன்றிலோ நான்கிலோ மறுபடி முயலலாம். கடைசியில் வைத்தால் மறுமுயற்சிக்கு நாளே இருக்காது. தாளில் இப்போது இப்படி இருக்கும்: 2, 3, 4 கடலுக்கு, 5 எதுவும் எழுதாத வெற்று நாள், 6 பெரிய தீவுக்குத் திரும்பி நிலத்தில் சுற்ற, 7 விமானம். ஐந்தாம் நாள் வெற்றாக இருப்பது உறுத்தும், எதையாவது போட்டு நிரப்பத் தோன்றும். தயவுசெய்து விட்டுவிடுங்கள். மழை நாலாம் நாளைத் தின்றால் அதுதான் கை கொடுக்கும்.

வந்து இறங்கும் நேரத்தையும் இதே கண்ணால் பாருங்கள். மாலத்தீவில் கடல் விமானங்கள் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். சாயங்காலம் வந்து இறங்கினால், தூரத்துத் தீவில் நீங்கள் பணம் கட்டிய முதல் இரவு உங்களுக்கு இல்லை; தலைநகரிலேயே தங்க நேரிடும். விமானச் சீட்டு வாங்கும் முன் தங்குமிடத்துக்கு எழுதி, அன்றே கொண்டுபோக எத்தனை மணிக்குள் இறங்க வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள்.

படி 3: தங்குமிடம் ஒன்றா இரண்டா

ஒரு வாரத்துக்கு அதிகபட்சம் இரண்டு. ஒவ்வொரு இடமாற்றமும் அரை நாளைத் தின்னும்: அறையைக் காலி செய்வது, படகுத் துறை, காத்திருப்பு, புது அறை தயாராகும்வரை பெட்டியோடு உட்கார்ந்திருப்பது. மூன்று தீவு பார்க்க ஆசைப்பட்டால் ஒன்றில் தங்கி மற்ற இரண்டுக்குப் பகலில் போய் வாருங்கள்.

படி 4: கடலின் நேரத்தைப் பார்த்து நாளை நிரப்புங்கள்

பெரும்பாலான வெப்பமண்டலக் கரைகளில் காலைக் கடல் அமைதியானது. வெயில் ஏற ஏறத் தரை சூடாகி, மதியத்துக்கு மேல் கடலிலிருந்து காற்று எழும்பும். அலையும் கலங்கலும் கூடும். படகு, ஸ்நார்கெலிங் எல்லாம் காலையில். மலை, கோயில், சந்தை மாலையில். நிலநடுக்கோட்டுக்கு அருகில் பல இடங்களில் ஆண்டு முழுக்க ஆறு, ஆறரை வாக்கில் சூரியன் மறையும். அந்தியும் குறுகியது. சுமார் இருபது நிமிடத்தில் இருட்டிவிடும்.

அடுத்து ஏற்றமும் வற்றமும். பெரும்பாலான கரைகளில் கடல் நாளுக்கு இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றும். நேரம் தினமும் 50 நிமிடம் போலத் தள்ளிப்போகும். இன்று காலை 9 மணிக்கு வற்றம் என்றால், ஏற்றம் மாலை 3.10 அளவில், நாளைய வற்றம் 9.50க்கு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இந்த ஏறி இறங்கல் மிக அதிகம். தான்சானியாவின் சான்சிபார் தீவின் கிழக்குக் கரையில், பாஜே போன்ற இடங்களில், வற்றத்தின்போது கடல் நெடுந்தூரம் பின்வாங்கிவிடும். நீந்த வந்தவருக்கு மணலும் கடற்பாசியும்தான் காட்சி. அதே தீவின் வடமுனையில் நுங்விப் பக்கம் எந்நேரமும் நீந்தலாம். உங்கள் தேதிகளுக்கான ஏற்ற வற்ற அட்டவணை இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். தாளின் ஓரத்தில் ஒவ்வொரு நாளுக்கும் அந்த நேரத்தை எழுதிவிடுங்கள். பவளப்பாறை ஆழமில்லாத இடத்தில் முழு வற்றத்தில் ஸ்நார்கெலிங் போனால் முழங்காலும் பவளமும் இரண்டுமே கிழியும்.

மூடியிருக்கும் நாட்களையும் சரிபாருங்கள். தாய்லாந்தின் மாயா விரிகுடா ஆண்டுதோறும் ஆகஸ்ட், செப்டம்பரில் மூடப்படுகிறது. ஹவாயின் ஹனௌமா விரிகுடா திங்கள், செவ்வாய் திறக்காது. மற்ற நாளிலும் முன்பதிவு வேண்டும். பாலியில் நியேபி எனும் மௌன நாளன்று 24 மணி நேரம் விமான நிலையமே மூடியிருக்கும், தெருவில் நடக்கவும் கூடாது. அதன் தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும். மாலத்தீவில் அரசுப் படகுகள் பல வெள்ளிக்கிழமை ஓடாது.

படி 5: காகிதங்களும் விதிகளும்

பாஸ்போர்ட் திரும்பும் தேதிக்குப் பிறகும் ஆறு மாதம் செல்லுமாறு இருக்கட்டும். மஞ்சள் காய்ச்சல் பரவும் நாடு வழியாகப் போனால் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள்; ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் அது செல்லும். கடைசி வாரத்தில் போட்டால் பயன் இல்லை. பாலிக்குள் நுழையும் வெளிநாட்டவர் 2024 பிப்ரவரி 14 முதல் 1,50,000 ரூபியா சுற்றுலா வரி கட்ட வேண்டும். சான்சிபாரில் 2024 அக்டோபர் முதல் உள்ளூர்ப் பயணக் காப்பீடு கட்டாயம். மாலத்தீவுக்கு மதுவும் மின் சிகரெட்டும் கொண்டுபோகக்கூடாது.

பயணக் காப்பீட்டில் மூன்று வரிகளை மட்டுமாவது நிதானமாகப் படியுங்கள். சிறு தீவிலிருந்து பெரிய மருத்துவமனைக்கு வான் வழியாகக் கொண்டுபோகும் செலவு அடங்குமா? ஸ்கூபா எத்தனை மீட்டர் ஆழம் வரை? ஸ்கூட்டர் விபத்து உண்டா? தீவுகளில் சுற்றுலாப் பயணிகள் அடிபடுவதில் ஸ்கூட்டருக்குப் பெரிய பங்கு. இருசக்கர வண்டிக்கான உரிமமும் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் இல்லாமல் ஓட்டினால் பெரும்பாலான காப்பீடுகள் ஒரு காசு தராது.

படி 6: பை

முழுக்கைக் கடல் சட்டை ஒன்று எடுங்கள். அது இருந்தால் சன்ஸ்கிரீன் செலவு பாதியாகும். பெரியவர் ஒருவர் உடல் முழுக்கப் பூச ஏறக்குறைய 30 மி.லி. வேண்டும். நாளுக்கு இரண்டு முறை என்று ஐந்து நாளுக்கு 300 மி.லி.; சட்டை போட்டால் 150 மி.லி. போதும். பல விமான நிலையங்களில் கைப்பையில் 100 மி.லி.க்கு மேல் திரவம் ஏறாது, பெரிய பெட்டியில் வையுங்கள். ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் என்ற வேதிப்பொருள்கள் பவளத்துக்குக் கெடுதி என்று ஹவாய் 2021 முதல் அவை கலந்த சன்ஸ்கிரீன் விற்பனையைத் தடை செய்தது. பசிபிக் தீவு நாடான பலாவும் தாய்லாந்தின் கடல் தேசியப் பூங்காக்களும் பயன்படுத்தவே தடை விதித்திருக்கின்றன. துத்தநாக ஆக்ஸைடை மட்டுமே வெயில் தடுப்பாகக் கொண்டதை வாங்கினால் இந்த இரண்டும் அதில் இருக்காது.

டெங்கு கொசு பகலில் கடிக்கும். 20 முதல் 30 சதவீதம் டீட் (DEET) என்ற வேதிப்பொருள் உள்ள கொசு விரட்டி வையுங்கள். முதலில் சன்ஸ்கிரீன், அது காய்ந்த பிறகு விரட்டி. ரப்பர் அடி வைத்த கடல் செருப்பு, 10 லிட்டர் நீர்புகாப் பை, படகுக் குமட்டலுக்கு மாத்திரை. அதைப் படகு ஏறுவதற்கு முக்கால் மணி முன்பே விழுங்க வேண்டும். குமட்டல் வந்தபின் போட்டால் வயிற்றில் தங்காது. பவர் பேங்க் கைப்பையில் மட்டும், 100 வாட் மணிக்குள், அதாவது சுமார் 27,000 மில்லி ஆம்பியர் மணிக்குள்.

நீருக்குள் பார்க்கப் போடும் ஸ்நார்கெலிங் முகமூடியைச் சொந்தமாக வாங்கிக்கொள்ளுங்கள். மற்றதை வாடகைக்கு எடுக்கலாம். கடையிலேயே சோதித்துப் பாருங்கள். பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து, மூக்கால் லேசாகக் காற்றை உள்ளிழுத்துக் கையை எடுங்கள். விழாமல் ஒட்டிக்கொண்டு நின்றால் உங்கள் முகத்துக்கு அது பொருந்தும். எங்கோ காற்று புகுந்தால் கடலில் அதே இடத்தில் தண்ணீர் புகும். நெற்றி முடி ஓரத்தில் சிக்கினாலும் ஒழுகும். பட்டையை இறுக்கி அதைச் சரிசெய்ய முடியாது, இறுக்கினால் ரப்பர் வளைந்து இன்னும் ஒழுகும். புது முகமூடியின் கண்ணாடி உள்பக்கம் தொழிற்சாலையிலிருந்து வந்த மெல்லிய படலம் இருக்கும். சாதாரண வெள்ளைப் பற்பசையை விரலில் எடுத்து இரண்டு மூன்று முறை தேய்த்துக் கழுவுங்கள். இல்லாவிட்டால் எத்தனை முறை துடைத்தாலும் பனி படர்ந்துகொண்டே இருக்கும்.

படி 7: கரையில் கால் வைத்ததும்

நீரில் இறங்கும் முன் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். இரு பக்கமும் அலை உடைய, நடுவில் மட்டும் அலை உடையாமல் கருநிறமாக, அமைதியாகத் தெரியும் பாதை பாதுகாப்பானது போலத் தோன்றும். கரைக்கு வந்த நீர் மீண்டும் கடலுக்குள் பாயும் வழி அதுதான். அதில் சிக்கினால் கரையை நோக்கிப் போராடாதீர்கள். மிதந்துகொண்டு, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேறி, பிறகு திரும்புங்கள்.

பவளம் கீறினால் நல்ல தண்ணீரும் சோப்பும் போட்டு நன்றாகக் கழுவுங்கள், சிறு கீறலும் சீழ் பிடிக்கும். நச்சு முள் உள்ள கல்மீன் போன்றவை குத்தினால் காலைத் தாங்கக்கூடிய வெந்நீரில், சுமார் 45 பாகை செல்சியஸில், அரை மணிக்கு மேல் வைத்து, அப்படியே மருத்துவரிடம் போங்கள்.

முதல் நாள் மாலையே, மறுநாள் உங்களைக் கூட்டிப்போகும் படகுக்காரரிடம் நேரில் போய் ஒரு கேள்வி கேளுங்கள்: நாளைக் காற்று எப்படி? அவர் தயங்கினால் அன்றைக்கே மூன்றாம் நாளுக்கு இடத்தை மாற்றிவிடுங்கள். மறுநாள் காலை எல்லோரும் ஒரே நேரத்தில் மாற்றக் கேட்கும்போது மூன்றாம் நாள் படகு நிரம்பிவிடும்.